சிறையிலிருக்கும் கணவனும் மனைவியின் உரிமையும்



காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சகோதரர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியுள்ளார். பெயரும் தெருவும் இங்கே வேண்டாம். அவருடைய தங்கைக்கு நிகாஹ் ஆகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு பெண் குழந்தைகள். மாப்பிள்ளை ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று வேலூர் மத்திய சிறையில் இருக்கின்றார். உள்ளே போய் ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. தங்கை தாய் வீட்டில் இருந்துகொண்டு, பட்டுத் தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்து, அந்தக் கூலியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வருகின்றார். மாதத்துக்கு ஒருமுறை விடியற்காலை பஸ் ஏறி வேலூர் போய், மனுப் போட்டுக் காத்திருந்து, சில நிமிடங்கள் கணவரைப் பார்த்துத் திரும்புவார். ஓராண்டாக அதுவும் இல்லை. "இனி என்னால முடியாது அண்ணே" என்று சொல்லிவிட்டாராம்.

சகோதரர் ஊரில் மூன்று பேரிடம் யோசனை கேட்டிருக்கின்றார். பள்ளிவாசலில் ஒரு பெரியவர், "ஆயுள் தண்டனை விழுந்த அன்றே நிகாஹ் முறிந்து போயிற்று, நல்ல இடமாகப் பாருங்கள்" என்றாராம். நீதிமன்ற வாசலில் பழக்கமுள்ள ஒருவர், "ஏழு ஆண்டு ஆனால்தான் வழக்குப் போட முடியும், இன்னும் இரண்டு ஆண்டு பொறுங்கள்" என்றாராம். உறவினர் ஒருவர், "மஹர் நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜமாஅத்தில் குல்உ எழுதி வாங்கிவிடுவோம், ஒரே வாரத்தில் காரியம் முடியும்" என்றாராம். மூன்றில் எது மார்க்கம் என்பது சகோதரரின் கேள்வி.

மூன்றுமே சரியில்லை என்பதுதான் நமது பதில். மூவரும் நல்லெண்ணத்துடன் சொன்னவர்களே. ஆனால் முதல் யோசனை அந்தப் பெண்ணைப் பெரும் பாவத்திலும் வழக்கிலும் தள்ளிவிடும். இரண்டாவது, தேவையின்றி இரண்டு ஆண்டுகளைப் பறிக்கும். மூன்றாவது, அவளுக்கு உரிய பொருளைப் பறிக்கும். ஆகவே விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நிகாஹ் தானாக முறிவதில்லை

கொலை பெரும் பாவம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பெரும் பாவம் செய்தவன் அதனால் மட்டும் இஸ்லாத்தை விட்டு வெளியேறிவிடுவதில்லை என்பது அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் கொள்கை. அவன் முஸ்லிமாக இருக்கும்வரை அவனுடைய நிகாஹ் நிற்கின்றது. நீதிபதி தண்டனை விதித்ததாலோ, சிறைக் கதவு சாத்தப்பட்டதாலோ அந்தக் கயிறு அறுந்துவிடாது. இன்றிரவு அவர் சிறையில் மரணமடைந்தால் இந்தச் சகோதரி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். பிள்ளைகள் இருப்பதால் அவருடைய சொத்தில் எட்டில் ஒரு பங்குக்கு வாரிசும் ஆவார். இவையெல்லாம் மனைவிக்கு உள்ள சட்டங்கள். மனைவியாக இருப்பவள் வேறொருவரை மணப்பது எப்படிக் கூடும்?

நாட்டுச் சட்டமும் அதையே சொல்கின்றது. கணவன் உயிரோடிருக்க, முறையாக விலக்கம் பெறாமல் ஒரு பெண் மறுமணம் செய்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவின்படி அது ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2024 ஜூலைக்கு முன் இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494ஆவது பிரிவாக இருந்தது. விடுப்பில் வெளியே வரும் கணவன் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் போதும். குற்றம் செய்தவன் ஒருவன், சிறைக்குப் போகிறவள் இன்னொருத்தி என்றாகிவிடும். பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து ஃபத்வா சொல்லும் பெரியவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இமாம்கள் என்ன சொன்னார்கள்?

நிகாஹ் தானாக முறியாது என்பதால், அந்தப் பெண் காலமெல்லாம் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. நல்ல முறையில் சேர்த்து வைத்துக்கொள், இல்லையேல் நல்ல முறையில் அனுப்பிவிடு என்பதுதான் திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில் கணவனுக்கு இடப்பட்ட கட்டளையின் கருத்து. துன்புறுத்துவதற்காகப் பிடித்து வைப்பதும் அங்கே தடுக்கப்பட்டிருக்கின்றது. அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள், மனைவியரை விட்டுத் தொலைவில் இருந்த ஆண்கள் விஷயமாகப் படைத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒன்று, அவர்கள் செலவுக்கு அனுப்ப வேண்டும். இல்லையேல் தலாக் கொடுக்க வேண்டும். தலாக் கொடுத்தால் இதுவரை நிறுத்தி வைத்த செலவையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்த ஆண்கள் குற்றவாளிகள் அல்லர், போருக்குப் போனவர்கள். அவர்கள் விஷயத்திலேயே இவ்வளவு கண்டிப்பு இருந்தது.

இதன் விவரத்தில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. கணவன் செலவுக்குக் கொடுக்க வழியற்றுப் போனால் மனைவி காஜியிடம் முறையிட்டு நிகாஹை நீக்கிக்கொள்ளலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இதற்கு ஃபஸ்கு என்று பெயர். மாலிக்கீ மத்ஹபு இன்னும் ஒரு படி மேலே போகின்றது. செலவுக்குப் பணமே இருந்தாலும், கணவன் நெடுங்காலம் இல்லாமலிருப்பதே மனைவிக்குத் தீங்கு என்றும், அந்தத் தீங்கை நீக்கும்படி அவள் கேட்கலாம் என்றும் அவர்கள் கூறுவர். எகிப்தில் 1929ஆம் ஆண்டின் 25ஆவது எண் சட்டம் இந்தக் கருத்தைத்தான் எடுத்துக்கொண்டது. மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவனின் மனைவி, அவன் சிறையில் ஓராண்டு கழித்த பிறகு, அவனுக்குச் சொத்து இருந்தாலும்கூட விலக்கம் கேட்கலாம் என்பது அதன் விதி.

ஹனஃபீ மத்ஹபு இந்த விஷயத்தில் மிகவும் இறுக்கமானது. கணவன் செலவுக்குக் கொடுக்காவிட்டால், அவன் பெயரில் கடன் வாங்கிச் சாப்பிட மனைவிக்குக் காஜி அனுமதி கொடுப்பார், நிகாஹை நீக்கமாட்டார். கடன் கொடுக்க ஆள் இருந்த காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆயுள் கைதியின் பெயரைச் சொல்லிக் காஞ்சிபுரத்துக் கடைத்தெருவில் ஒரு படி அரிசி வாங்க முடியுமா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். நம் மாநிலத்தில் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீகளும் அதிகம். ஆகவே இந்த வேறுபாடு நமக்கு வெறும் கிதாபு விஷயம் அல்ல.

1939ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த கதை

இந்த இறுக்கத்தினால் விளைந்த கேட்டை நமது முன்னோர் கண்ணால் கண்டார்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பஞ்சாப் முதலிய பகுதிகளில், கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்ப வேறு வழி காணாத பெண்கள், தாங்கள் இஸ்லாத்தை விட்டுவிட்டதாக நீதிமன்றத்தில் போய்ச் சொன்னார்கள். மதம் மாறினால் நிகாஹ் முறியும் என்ற விதியைக் காட்டி நீதிமன்றங்களும் விலக்கம் அளித்தன. கணவனிடமிருந்து விடுபட ஈமானையே விலையாகக் கொடுக்கும் நிலை! இதைக் கண்டு நெஞ்சு பதறிய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) அவர்கள், மாலிக்கீ உலமாக்களிடம் ஃபத்வாக்கள் பெற்று ஆராய்ந்து, 1933இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். 'அல்ஹீலத்துந் நாஜிஸா' என்பது அதன் பெயர். காணாமற்போனவன், செலவுக்குக் கொடுக்க மறுப்பவன், இருக்குமிடம் தெரிந்தும் வராமலிருப்பவன் ஆகியோரின் மனைவியர் விஷயத்தில் ஹனஃபீகளும் மாலிக்கீ மத்ஹபின்படி நடக்கலாம் என்று அதில் வழி காட்டினார்கள். தம் மத்ஹபில் அசையாத உறுதி கொண்ட ஒரு பெரியவர் இப்படி எழுதினார் என்பது கவனிக்கத் தக்கது.

அதன் பிறகு 1936இல் காஜி முஹம்மது அஹ்மது காஜிமீ மத்தியச் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். அதுவே 1939 மார்ச்சில் முஸ்லிம் திருமண நீக்கச் சட்டமாக நிறைவேறியது. இன்றும் அந்தச் சட்டம் நடப்பில் இருக்கின்றது. ஒரு முஸ்லிம் பெண் எந்தக் காரணங்களுக்காக நீதிமன்றத்தில் திருமண நீக்கம் கேட்கலாம் என்பதை அதன் 2ஆவது பிரிவு சொல்கின்றது. நாம் பேசும் விஷயம் அதில் மூன்றாவதாக இருக்கின்றது: கணவனுக்கு ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருப்பது.

இங்கேதான் அந்த நீதிமன்ற வாசல் நண்பர் தவறிவிட்டார். கணவன் ஏழு ஆண்டு சிறையில் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. விதிக்கப்பட்ட தண்டனை ஏழு ஆண்டாக இருந்தால் போதும். ஆயுள் தண்டனை அதற்கு மேற்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. பெண் காத்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அந்தத் தண்டனை இறுதியாக வேண்டும். அதாவது மேல்முறையீடு முடிந்திருக்க வேண்டும், அல்லது மேல்முறையீடு செய்யாமலே அதற்குரிய கெடு கழிந்திருக்க வேண்டும். செஷன்ஸ் தீர்ப்பின் மீது உயர்நீதிமன்றத்துக்குப் போக அறுபது நாள் கெடு. நமக்குக் கடிதம் எழுதிய சகோதரர் வீட்டில் உயர்நீதிமன்றமும் தள்ளுபடி செய்துவிட்டது. உச்சநீதிமன்றத்தில் மனு ஏதும் நிலுவையில் உண்டா என்பதை மட்டும் வழக்கறிஞரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே மனுச் செய்யலாம். இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்வதற்கு ஓர் ஆதாரமும் கிடையாது.

தண்டனை இன்னும் விதிக்கப்படாத விசாரணைக் கைதியின் மனைவிக்கும், மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் தொங்கிக் கொண்டிருப்பவனின் மனைவிக்கும், ஐந்தே ஆண்டுத் தண்டனை பெற்றவனின் மனைவிக்கும் இந்தக் காரணம் கிட்டாது. அவர்களுக்கு அதே பிரிவில் வேறு வாசல் திறந்திருக்கின்றது. கணவன் இரண்டு ஆண்டுகள் செலவுக்குக் கொடுக்காமலிருந்தால் அதுவே தனிக் காரணம். 'அவன் சிறையில் இருந்தான், எப்படிக் கொடுப்பான்?' என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். இதில் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் கேரள உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பு, கொடுக்காமற்போனது யார் குற்றம் என்று பார்க்க வேண்டியதில்லை, இரண்டு ஆண்டு கொடுக்கவில்லை என்பதே போதும் என்ற கருத்தைக் கொண்டது. மூன்று ஆண்டு இல்லறக் கடமை செய்யாதிருப்பதும் ஒரு காரணமே. ஆனால் அங்கே 'நியாயமான காரணமின்றி' என்ற சொற்கள் நிற்பதால், சிறைவாசத்தை நியாயமான காரணமாக வாதிட இடமுண்டு. ஆகவே அதை மட்டும் நம்பிப் போவது நல்லதல்ல.

குல்உவா, ஃபஸ்கா?

மூன்றாவது யோசனைக்கு வருவோம். குல்உ மார்க்கத்தில் உள்ளதுதான். தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, கணவர் மீது குறை ஏதும் கூறாமல், தமக்கு அவரோடு வாழ மனமில்லை என்றபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து பிரித்து வைத்தார்கள். அங்கே கணவரிடம் தவறில்லை. பிரிவு மனைவியின் விருப்பத்தால் வந்தது. ஆகவே அவள் பெற்றதைத் திருப்பித் தந்தாள்.

நமது சகோதரியின் நிலை அதுவா? குற்றம் செய்தவர் கணவர். செலவுக்குக் கொடுக்காதவர் கணவர். அவள் எதற்காக மஹரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? தவறிழைத்தவனுக்கு நஷ்டஈடு தருவது போலல்லவா இருக்கின்றது! ஃபஸ்கு கேட்க உரிமையுள்ள பெண்ணைக் குல்உவுக்குத் தள்ளுவது நம் ஜமாஅத்துகளில் பரவலாக நடக்கும் ஒரு தவறு. அதில் காரியம் விரைவாக முடிகின்றது என்பது உண்மை. யாருடைய செலவில் முடிகின்றது என்பதை யாரும் கேட்பதில்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, இந்தச் சட்டத்தின்படி நீக்கம் பெற்றாலும் பெண்ணின் மஹர் உரிமை குறையாது என்று தெளிவாகக் கூறுகின்றது. மஹரில் பாக்கி இருந்தால், திருமணம் நீங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்கிட்டு அதையும் பெறலாம்.

இன்னொன்று. வெறும் ஜமாஅத் கடிதம் இப்போது நிற்காது. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் ஓர் அபிப்பிராயம் மட்டுமே என்று 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. ஜமாஅத் அமைப்புகள் தரும் குல்உ சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும் என்று 2023இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமும் காஜிக்கு நீதிபதியின் அதிகாரத்தைத் தரவில்லை. அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்த பெண்ணின் நிலை, முதலில் சொன்ன வழக்கு ஆபத்துக்குத்தான் திரும்பிப் போகும்.

ஆனால் நாட்டு நீதிமன்றத்தின் ஃபஸ்கு மார்க்கத்தில் செல்லுமா என்ற கேள்வியை உலமாக்கள் எழுப்புகின்றார்கள். நியாயமான கேள்விதான். முஸ்லிம் நீதிபதியே தீர்ப்பளிக்க வேண்டும் என்று முதல் மசோதாவில் இருந்த பிரிவு பின்னர் நீக்கப்பட்டது. அதில் அன்றைய உலமாக்களுக்கு மனக்குறை இருந்தது. முஸ்லிம் நீதிபதி இல்லாத இடத்தில் மார்க்கமறிந்த முஸ்லிம்கள் குறைந்தது மூவர் கூடி விசாரித்து முடிவு செய்யலாம் என்று தானவீ (ரஹ்) அவர்கள் மாலிக்கீ மத்ஹபிலிருந்து காட்டிய வழி நமக்கு இருக்கின்றது. ஆகவே இரண்டையும் செய்வதே பேணுதல் என்பது நமது கருத்து: முதலில் நீதிமன்றத் தீர்ப்பு, பிறகு அந்தத் தீர்ப்பின் நகலை வைத்துக்கொண்டு ஆலிம்கள் குழு விசாரித்து ஃபஸ்கு செய்து ஜமாஅத் தஃப்தரில் பதிவது. வரிசையை மாற்றினால் இடைக்காலத்தில் குழப்பம் வரும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால், கணவரிடமே கேட்டுப் பார்க்கலாம். கைதிக்கும் தலாக் சொல்லும் உரிமை உண்டு. பெரியவர்கள் இருவர் வேலூர் போய், மனுப் போட்டுப் பார்த்து, "மாப்பிள்ளை, அவளைத் தொங்கலில் விட்டு வைக்காதீர்கள்" என்று சொன்னால், மனம் இரங்கி அவர் ஒரே ஒரு தலாக் சொல்லிவிடக்கூடும். ஒரே ஒன்றுதான் சொல்ல வேண்டும். மூன்றை ஒரே மூச்சில் சொல்வது ஸுன்னத்துக்கு மாறானது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாது என்பதோடு, மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றமும்கூட. ஏற்கெனவே சிறையில் இருப்பவருக்கு இன்னொரு வழக்கு எதற்கு? அவர் தலாக் சொன்னாலும், மறுமணத்துக்கு முன் நீதிமன்றத்தில் அதை உறுதி செய்துகொள்வது நல்லது. மனைவி சிறையில் இருந்து கணவன் பிரிய நினைத்தால் அவனுக்கும் இந்தத் தலாக் வழிதான். 1939ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்காக வந்தது.

பொறுத்திருக்கும்படி அந்தப் பெண்ணிடம் சொல்லலாமா என்றும் சகோதரர் கேட்டிருக்கின்றார். சொல்லலாம், வற்புறுத்தக் கூடாது. விடுதலை பெற்ற அடிமைப் பெண் பரீரா (ரலி) அவர்கள் தம் கணவரைப் பிரிய முடிவு செய்தபோது, அந்தக் கணவர் மதீனத்து வீதிகளில் அழுதுகொண்டே பின்னால் திரிந்தார். அவருக்காக நாயகம் (ஸல்) அவர்களே பரீராவிடம் பேசினார்கள். "இது கட்டளையா?" என்று பரீரா கேட்க, "இல்லை, பரிந்துரைதான்" என்ற பதில் வந்தது. அப்படியானால் தமக்கு வேண்டாம் என்று பரீரா கூறிவிட்டார்கள். அவரை யாரும் குறை சொல்லவில்லை. இந்தச் சகோதரி காத்திருந்தால் அது அவருடைய பெருந்தன்மை. காத்திருக்க முடியாது என்றால் அது அவருடைய உரிமை. இரண்டில் எதுவானாலும் அண்ணன் வீட்டுக் கதவு அவருக்குத் திறந்திருக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வழக்கறிஞர் கேட்கும் உரிமை உண்டு. சிறையில் இருப்பவருக்கும் அதே உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவின் அலுவலகம் இருக்கும். நிகாஹ் பதிவேட்டின் நகல், செஷன்ஸ் தீர்ப்பின் சான்றிட்ட நகல், உயர்நீதிமன்றத் தீர்ப்பின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கணவருக்குச் சம்மன் சிறை அதிகாரி வழியாகவே போய்ச் சேரும்.

தீர்ப்பு கிடைத்ததும் இத்தா உண்டு. ஐந்து ஆண்டாகக் கணவன் முகத்தைக் கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம், இத்தா எதற்கு என்று சில வீடுகளில் பேசுவார்கள். கூடி வாழ்ந்த திருமணம் எப்போது நீங்கினாலும், பிரிந்திருந்த காலம் கணக்கில் வராது. மாதவிடாய் உள்ளவருக்கு மூன்று மாதவிடாய்க் காலம், நின்றுவிட்டவருக்குப் பிறைக் கணக்கில் மூன்று மாதம். இடையில் கணவர் விடுப்பில் வந்து சென்று கர்ப்பமாகியிருந்தால் பிரசவம் வரை. பேணுதலாக, ஆலிம்கள் குழு ஃபஸ்கு செய்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். இத்தா முடிந்த பின் மறுமணத்துக்குத் தடையில்லை. அதன் பிறகும் மறுமணம் செய்யாமல் இருந்து, அவர் விடுதலையாகி வந்து, இருவரும் மனம் ஒத்தால், புதிய மஹருடன் மீண்டும் நிகாஹ் செய்துகொள்ளவும் ஃபஸ்கு தடையாகாது.

விலக்கம் பெற்ற பின் தம்மைக் காத்துக்கொள்ள வழியில்லாத பெண்ணை, அவளுக்கு வாரிசாகும் உறவினர்கள் ஆதரிக்க வேண்டும் என்றும், அவர்களாலும் முடியாதபோது மாநில வக்ஃப் வாரியம் கொடுக்க வேண்டும் என்றும் மாஜிஸ்திரேட் உத்தரவிட 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு இடம் தருகின்றது. இதை நம்மவர்களில் அறிந்தோர் குறைவு, கேட்டோர் அதனினும் குறைவு.

கடைசியாக, அந்த இரண்டு பெண் குழந்தைகள். திருமணம் நீங்கினாலும் அவர் அவர்களுக்குத் தகப்பனாரே. வலீயும் அவரே, வாரிசு உறவும் அப்படியே இருக்கும். தாய் வேலூருக்குப் போவதை நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளைகள் தகப்பனாரைப் பார்க்க விரும்பினால், மாமன் என்ற முறையில் கடிதம் எழுதிய சகோதரரே அழைத்துப் போய் வரலாம்.